வாகினெம் இறங்காத மதியம்

என் அம்மா வாகினெம் முதலில் அடிப்பாள், பிறகுதான் விசாரிப்பாள். புல் திருடிய ஒருவனின் பல்லை அரிவாள் பிடியால் உடைத்தாள். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று சொன்ன கொள்முதல்காரனின் தலையில் அந்தப் பாலையே கவிழ்த்தாள். அப்பா போன பிறகு தனியாக மாடு வளர்த்து என்னைப் பொறியியல் படிக்கவைத்தாள். எங்கள் எரிமலையின் கண்காணிப்பு நிலையத்திலேயே எனக்கு வேலை கிடைத்தது.

"நல்லதாப் போச்சு. தாத்தா இருமினா நீ சொல்லிடுவ, நான் மாட்டப் பாக்கலாம்," என்றாள்.

தாத்தா என்பது மலைதான். ஜாவாவில் எங்கள் சரிவில் யாரும் அதைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. அது வெடித்தால், தாத்தா வீட்டில் விசேஷம் என்பார்கள். உச்சியிலிருந்து உருண்டு வரும் நெருப்புமேகத்துக்குச் சடையாடு என்று பெயர்.

எரிமலை வாயருகே புதைத்த அதிர்வுக் கருவி, தன் அளவை ரேடியோவில் ஒரு விசிலாக அனுப்பும். நிலம் குலுங்கினால் விசில் கத்தும். எங்கள் நிலையத்துக்கான அந்த அலைவரிசையை ஊரே கைரேடியோவில் கேட்கும். கத்தினால் இறங்குவார்கள். தணிந்தால் ஏறிப்போய் மாட்டுக்குப் புல் போடுவார்கள். விசிலே இல்லாத அமைதியை அவர்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த நவம்பரில் ஊரைக் காலிசெய்து கீழே பள்ளிக்கூட முகாமுக்குக் கொண்டுவந்தோம். மாடுகள் மேலேயே நின்றன. அவற்றில் மெனிக் நிறைசினை.

"செத்தா அரசாங்கம் வேற மாடு குடுக்கும்மா."

"நீ செத்தா வேற பொண்ணு குடுக்குமாடி?"

மறுநாள் மதியம் பக்கத்து வீட்டுப் பர்ஜோவின் மோட்டார்சைக்கிளில் ஏறி மேலே போய்விட்டாள். எங்கள் பேச்சு அலைவரிசையில் பர்ஜோ கூப்பிட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"லஸ்த்ரி, திட்டாத. கன்னு குறுக்கால கெடக்கு. அக்கா உள்ள கையவிட்டுத் திருப்புறாங்க."

"உடனே கூட்டிட்டு இறங்குங்கண்ணா!"

"நான் சொன்னா கேப்பாங்களா? என்னையே அடிப்பாங்க."

அப்போது என் திரையில் உச்சிக் கருவியின் கோடு சட்டென்று நேர்கோடானது. அடுத்த நொடி, சரிவில் கீழே இருந்த இன்னொரு கருவியின் கோடு அளவைத் தாண்டி எகிறியது. எரிமலைவாயின் ஒரு பக்கமே சரிந்து, உச்சிக் கருவியை விழுங்கியிருந்தது.

பர்ஜோவின் குரல் சிரித்தது. "அக்காவோட ரேடியோல விசில் நின்னுடுச்சு. தாத்தா தூங்கிட்டாரு!"

"தூங்கல! கருவி எரிஞ்சுபோச்சு! சடையாடு வருது, ஓடுங்க!"

அவர் வெளியே எட்டிப் பார்த்திருக்க வேண்டும். அவர் அழுத்திய பேசும் பொத்தான் அப்படியே சிக்கிக்கொண்டது. அது விடுபடும்வரை என் குரல் அங்கே போகாது. கேட்க மட்டும் முடிந்தது.

"அக்கா, வந்துடுச்சு! வாங்க!"

"கை மாட்டியிருக்குடா. இவ முக்குறா. முக்குறத விட்டாத்தான் எடுக்க முடியும்."

"இழுங்கக்கா!"

"மரமாட்டம் நிக்காத, வண்டிய எடு!" ஏதோ பலமாக விழும் ஓசை. பர்ஜோ அலறினார். "உதைக்கிறீங்களே!"

"இன்னொண்ணு வேணுமா? போடா! பொண்டாட்டிய நெனச்சுப் பாரு!"

வண்டி கிளம்பியது. மாட்டின் கதறல் பின்னால் தேய்ந்தது. பிறகு தகரக்கூரைகள் கிழியும் சத்தம், மூங்கில்கள் வெடிக்கும் சத்தம். அதற்கு மேல் இரைச்சல் மட்டும்.

பர்ஜோ பிழைத்தார். முதுகிலும் கைகளிலும் தோல் இல்லை. வலது இடுப்பில் அம்மா உதைத்த இடம் கறுத்திருந்தது. மருத்துவமனையில் குப்புறப் படுத்தபடி, "அக்கா கட்டைய எடுத்து அடிச்சிருந்தா அப்பவே போயிருப்பேன். கை மாட்டிக்கிட்டு உதைச்சதால, விட்டுட்டுப் போறதான்னு யோசிச்சிட்டு நின்னேன்," என்றார். சிரிக்க முயன்று அழுதார்.

உச்சிக் கருவி செத்தால் விசில் அலைவரிசையில் சைரன் ஒலிக்கும்படி செய்திருக்கிறேன். அதற்கு ஒரு நாள் வேலைதான் ஆனது.

சாம்பல் ஆறியதும் ராணுவத்தினருடன் மேலே போனேன். கொட்டகையில் மெனிக் எரிந்து கிடந்தது. கன்று பாதி வெளியே வந்திருந்தது. அம்மா அங்கே இல்லை. கீழே, ஓடைப் பாலத்துக்குப் போகும் பாதையில் கிடந்தாள். முகம் மண்ணில், கால்கள் மலைப்பக்கம், ஒரு கை முன்னால் நீண்டிருந்தது. கொட்டகையிலிருந்து அவ்வளவு தூரம் வந்திருந்தாள்.

கையை விடுவித்துக்கொண்டு ஓடியிருக்கிறாள்.