ஞாயிற்றுக்கிழமைகளில் அறுந்த இணைப்பு

எங்கள் வீட்டுக்கு மோடம் வந்த பிறகு நான் சண்டை போடாத ஆள் பாக்கியில்லை. ரிச்சி தெருவில் அதை விற்றவரோடு சண்டை. டெலிபோன் ஆபீஸில் சண்டை. இன்டர்நெட் கம்பெனியில் போனை எடுத்த பெண் பாவம், அவளோடும் சண்டை. எனக்கு இயல்பிலேயே வாய் நீளம், அந்த மோடம் அதை இன்னும் ஒரு முழம் நீட்டிவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசி அது. அபிராமபுரத்தில் வீடு. அம்மா போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன, வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். அப்பா பாங்கிலிருந்து ரிடையர் ஆனவர். நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து வைத்திருப்பார்கள். அதைக் கேட்டு டைப் அடித்து இன்டர்நெட்டில் திருப்பி அனுப்ப வேண்டும். லைன் பாதியில் அறுந்தால் முதலிலிருந்து அனுப்ப வேண்டும். லேட்டானால் வேலை இன்னொருத்திக்குப் போய்விடும்.

அண்ணாவும் அமெரிக்காவில்தான் இருந்தான். அங்கேயே ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். செய்துகொண்ட பிறகுதான் எங்களுக்குப் போனில் சொன்னான். அப்பா கத்தவில்லை. "இனிமே இந்த நம்பருக்குப் போன் பண்ணாதே" என்று சொல்லி ரிசீவரை வைத்தார். அதோடு சரி. கொஞ்ச நாள் கழித்து அவனுடைய நம்பருக்கு நான் போட்டுப் பார்த்தேன், வேறு யாரோ எடுத்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வீடு மாறிவிட்டான் என்று எனக்கும் அவன்மேல் ஆத்திரம்தான். போனால் போகட்டும் என்று நானும் இருந்துவிட்டேன். அவன் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

போன் கூடத்தில் இருந்தது. அதிலிருந்து ஒரு ஒயரை வென்டிலேட்டர் வழியாக இழுத்து என் ரூமில் மோடத்துக்குக் கொடுத்திருந்தேன். ஒரே லைன். நான் இன்டர்நெட்டில் இருந்தால் வெளியிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்கு என்கேஜ்டு சத்தம்தான் கேட்கும். கூடத்தில் யாராவது ரிசீவரைத் தூக்கினால் போச்சு, என் இணைப்பு அறுந்துவிடும். அதனால் கனெக்ட் செய்வதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் ரூமிலிருந்து கத்துவேன்: "அப்பா, போடறேன்! போனை எடுக்காதே!"

"சரி சரி" என்று கூடத்திலிருந்து பதில் வரும்.

அப்படியும் அறுந்தது. மற்ற நாட்களில் எப்போதாவது ஒரு தடவை, அதை மன்னித்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் ஐந்து நிமிஷம்கூட நிற்காது. மோடம் கீச்சுக்கீச்சென்று கத்தி, இரைந்து, ஒருவழியாக அடங்கி, சின்ன சிவப்பு விளக்கு எரியும். அப்பாடா என்று நான் ஃபைலை அனுப்ப ஆரம்பித்ததும் விளக்கு அணையும். மறுபடி டயல், மறுபடி கீச்சு, மறுபடி விளக்கு அணையும். அழுகையாக வரும்.

இன்டர்நெட் கம்பெனிப் பெண் சொன்னதையெல்லாம் செய்தேன். ஒயரை மாற்றினேன். மோடத்தை ஆஃப் செய்து ஆறவிட்டேன். வேகத்தைக் குறைத்து வைத்தேன். எங்கள் எக்ஸ்சேஞ்சுக்கு டோன் டயலிங் சரிப்படாது, பல்ஸ் வையுங்கள் என்றாள், வைத்தேன். கால் வெயிட்டிங் இருக்கிறதா என்று கேட்டாள், அது இருந்தால் நடுவில் வருகிற கால் இணைப்பை வெட்டிவிடுமாம். எங்களுக்கு அதெல்லாம் கிடையாது. ரிச்சி தெருக்காரர் மோடத்தைத் தன் கடையில் போட்டுக் காட்டினார், ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. லைன்மேனை வரவழைத்தேன். அவர் மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கும் ரூமுக்குமாக நடந்தார்.

"லைன் கிளீனா கீது மேடம். எக்ஸ்டென்சனை யாராச்சும் தூக்குறாங்களான்னு பாரு."

"வீட்டுல நாங்க ரெண்டு பேர்தான்யா. யார் தூக்குவா?"

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா பேப்பரைப் பார்த்தார்.

"நீ எடுத்தியாப்பா?" என்றேன்.

"நான் ஏன் எடுக்கப் போறேன்?"

அப்பா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால் லைன்மேன்மேல்தான் கோபப்பட்டேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன்? அது என்னைக் குடைந்தது. வேலை செய்கிறோமோ இல்லையோ, இதைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அடுத்த ஞாயிறு வழக்கம்போல "அப்பா, போடறேன்!" என்று கத்தினேன். விளக்கு எரிந்தது. ஃபைலை அப்படியே விட்டுவிட்டு, ரூம் கதவின் திரைக்குப் பின்னால் நின்றேன்.

அப்பா வீட்டில் சட்டை போடாதவர், வேஷ்டி துண்டுதான். ஞாயிறு சாயங்காலம் மட்டும் இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொள்வார். கோவிலுக்குக் கிளம்புகிறார் என்று நினைப்பேன், ஆனால் போகமாட்டார். ஏதோ வயசான கிறுக்கு என்று நானும் கேட்டதில்லை. அன்றும் சட்டையோடு போன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ரிசீவரை மெதுவாக எடுத்துக் காதில் வைத்தார், உடனே வைத்துவிட்டார். என் பின்னால் விளக்கு அணைந்தது.

திரையைத் தள்ளிக்கொண்டு போய் நின்றேன்.

"ஏம்ப்பா! நான் ஊர்ல இருக்கறவா எல்லார்கிட்டேயும் சண்டை போட்டுண்டிருக்கேன், நீ இங்கே உக்காந்துண்டு தூக்கித் தூக்கி வெச்சிண்டிருக்கியா? எதுக்கு?"

"உயிர் இருக்கான்னு பார்த்தேன்."

நாலு தூறல் விழுந்தால் எங்கள் பக்கம் போன் செத்துப்போகும். போகிறபோதும் வருகிறபோதும் ரிசீவரைத் தூக்கி, சத்தம் வருகிறதா என்று பார்த்து வைக்காத வீடே அப்போது கிடையாது. ஆனால் மழை இல்லை, ஒன்றும் இல்லை.

"எதுக்கு சாகப்போறது?"

"அந்தக் கால் வரதே இல்லையே" என்றார். "நீ இந்தப் பெட்டியை வாங்கினதுலேர்ந்து."

"எந்தக் கால்?"

"பேசாத கால்."

எனக்கு ஞாபகம் வந்தது. மோடம் வருவதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பிளாங்க் கால் வரும். எடுத்தால் யாரும் பேசமாட்டார்கள். அந்த நாளில் பெண்கள் இருக்கிற வீட்டுக்கெல்லாம் அப்படி வருவதுதான். இரண்டு தடவை நான் எடுத்து, "செருப்பு பிஞ்சிடும், ராஸ்கல்" என்று திட்டி வைத்தேன். அதற்குப் பிறகு அந்த நேரத்தில் அப்பாதான் முந்திக்கொண்டு எடுப்பார். எனக்குப் பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பொறுக்கிக்காகவா காத்திண்டிருக்கே?"

"பொறுக்கி இல்லடி" என்றார். "நான் ஹலோன்னா, என் குரலே கொஞ்சம் கழிச்சு எனக்குத் திரும்பி வரும். லோக்கல் கால்ல அப்படி வராது. அவன் அமெரிக்கா போன புதுசுல பேசுவோமே, அப்போ வரும்."

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கோபம் மட்டும் போகவில்லை.

"தெரிஞ்சுண்டேதான் இருந்தியா? அவன் பேரைச் சொல்லி ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே!"

"பண்ணாதேன்னு சொன்னவன் நான். அதையும் மீறிப் பண்றான். பேரைச் சொன்னா வெச்சுட்டுப் போயிடுவானோன்னு பயம். ஹலோ ஹலோன்னு நாலு வாட்டி சொல்வேன். கேட்டுப்பான். அதுவாவது இருக்கட்டும்னு இருந்தேன்." சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். "இப்போ என்கேஜ்டாவே கேட்டிருக்கும் அவனுக்கு. நான்தான் வேணும்னே ரிசீவரை எடுத்துக் கீழே வெச்சிருக்கேன்னு நினைச்சிண்டிருப்பான்."

நான் எழுந்து ரூமுக்குப் போய் மோடத்தின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். ஞாயிற்றுக்கிழமை வேலை இனிமேல் முடியாது என்று வேலை தருகிற கம்பெனியில் சொல்லிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அப்பா சட்டை போட்டுக்கொண்டார். நானும் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். போன் அடிக்கவில்லை. அப்பா கடிகாரத்தைப் பார்ப்பார், நான் அப்பாவைப் பார்ப்பேன். இருட்டிய பிறகும் உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த ஞாயிறும் அடிக்கவில்லை. என்கேஜ்டு சத்தத்தையே கேட்டுக் கேட்டு அவன் ஒரேயடியாக விட்டுவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். அவனைக் கூப்பிட எங்களிடம் நம்பரும் இல்லை. அப்பா அடிக்கடி ரிசீவரைத் தூக்கி உயிர் இருக்கிறதா என்று பார்த்தார். அந்த நேரத்தில் கால் வந்து தொலைத்தால் என்ன செய்வது என்று நான் அதற்கும் எரிந்து விழுந்தேன்.

அதற்கடுத்த வாரம் மணி அடித்தது. அப்பா ரிசீவரை எடுத்தார்.

"ஹலோ" என்றார். காத்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார், குரல் திரும்பி வந்துவிட்டது. அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை. வழக்கமாகச் சொல்கிற அடுத்த ஹலோவைச் சொல்ல வாயெடுத்தவர், சொல்லவில்லை.

"ஆத்துல கம்ப்யூட்டர் வாங்கியிருக்கா உன் தங்கை" என்றார். "அதுக்கும் இதே லைன்தான். அதைப் போட்டா இங்கே போன் என்கேஜ்டாயிடும். அதான் உனக்குக் கிடைக்கலை. நான் எடுத்து வெக்கலைடா. சத்தியமா நான் எடுத்து வெக்கலை."

நான் வாயில் துப்பட்டாவை அடைத்துக்கொண்டேன். ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார் அப்பா.

"ஞாயித்துக்கிழமை இனிமே அதைப் போடமாட்டா. நீ எப்போ வேணாப் பண்ணலாம்."

ரிசீவருக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு குரல் வந்தது. பிறகு அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆச்சுடா. இப்பதான் காப்பி சாப்பிட்டேன்" என்றார். "நீ சாப்பிட்டியா?"