பீற்றூட் சூப்பும் ஒரு காகமும்

ஐப்பசி மழையில் கம்பளிக் கோட்டும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்ற ஒரே பெண், எங்கள் உடுப்பிட்டியில் என்னுடைய சின்னம்மாவாகத்தான் இருக்கவேண்டும். அப்போது எனக்கு எட்டு வயது. அன்றைக்கு நான் செய்ததை பிறகு வீட்டில் யாரும் குற்றமாகச் சொன்னதில்லை. ஒருதரம் ஏசியிருந்தால் நல்லது என்று இப்போது தோன்றுகிறது.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. கலியாணம் முடிந்து நான்காம் மாதம் சித்தப்பா பிரான்சுக்கென்று வெளிக்கிட்டு, மொஸ்கோவில் அகப்பட்டுக்கொண்டார். இன்றைக்கு ஏற்றுகிறேன், நாளைக்கு ஏற்றுகிறேன் என்று ஏஜென்சிக்காரன் இரண்டு பனிக்காலத்தைக் கடத்திவிட்டான். ஓர் அறைக்குள் ஒன்பது பெடியள். வீட்டுக்காரக் கிழவி இரக்கப்பட்டு, வாரத்தில் ஒருநாள் சிவப்பாக ஒரு சூப் வைத்துக் கொடுப்பாளாம். சுடுதண்ணி வைக்கத் தெரியாத சித்தப்பா அதைப் போனில் சின்னம்மாவுக்குப் படிப்பித்தார்.

பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்ததும் அவளையும் கூப்பிடுவதாகப் பேச்சு. அந்தப் பக்கங்களில் ஐப்பசி வந்தால் மரமெல்லாம் மஞ்சளாகி இலை கொட்டுமாம், பெண்கள் வடிவாக உடுத்துக்கொண்டு நடப்பார்களாம். நீயும் உடுத்துப் பழகு என்று ஊருக்கு வந்த ஒருவரிடம் பார்சல் கொடுத்துவிட்டார். முழங்காலுக்குக் கீழே வருகிற மண்ணிறக் கோட்டு, மஞ்சள் கம்பளிச் சால்வை, ஒரு தொப்பி, கணுக்காலை மூடுகிற சப்பாத்து. அவை அலுமாரியில் பூச்சி உருண்டை வாசத்தோடு தொங்கின.

பங்குனியில் ஒருநாள், "நாளைக்கு வெளிக்கிடுறம். காட்டுப் பாதையாம். கொஞ்ச நாளைக்குக் கதைக்க ஏலாது, யோசிக்காதை" என்றார். அதுதான் கடைசி.

ஏழு மாதம் போய்விட்டது. ஏஜென்சிக்காரனின் போன் வேலை செய்யவில்லை. கூடப் போன பெடியளின் வீடுகளுக்கும் ஒரு சேதியும் இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கோயிலடியிலும் கடையடியிலும் ஆளுக்கொரு விதமாகச் சித்தப்பாவைச் சாகடித்தார்கள். ஒருவர் ஆற்றில் விட்டார், இன்னொருவர் பனியில் விட்டார். சொந்தத்துக்குள்ளும் பெரியவர்கள் வந்து, கீரிமலையில் செய்யவேண்டியதைச் செய்துவிடுவோம், ஆத்மா அலையக்கூடாது என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார்கள். சின்னம்மா பொட்டை முன்னையிலும் பெரிதாக வைத்தாள். "செத்ததைக் கண்ட ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. பிறகு கதைப்பம்" என்றாள். அப்படி ஒருவரும் இருக்கவில்லை.

அந்த வருடம் அவர்களுடைய கலியாண நாள் ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. விடியவே சின்னம்மா குசினியைப் பிடித்துக்கொண்டாள். பீற்றூட்டைத் துருவினாள், கோவாவை இதழ் இதழாகப் பிரித்து நூலாக அரிந்தாள். மாட்டிறைச்சியில் வைக்கிற சூப்பாம். எங்கள் வீட்டில் எந்தக் கிழமையிலும் அது நடவாத காரியம், அதிலும் வெள்ளிக்கிழமை. கிழவி மேலே விடுகிற புளித்த பாலாடைக்குப் பதில் தயிர், ஏதோ ஒரு வாசனை இலைக்குப் பதில் மல்லியிலை. மாவுக்குள் உருளைக்கிழங்கை வைத்து மூடிப் பொரித்தும் எடுத்தாள்.

"எங்கடை ரசத்துக்குள்ளை பீற்றூட் விழுந்த மாதிரிக் கிடக்கு" என்றாள் அம்மா. எனக்கும் புளிப்பா இனிப்பா என்று பிடிபடவில்லை. ஆனால் நாக்குச் சிவந்ததைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு இரண்டாம் கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

பிறகு சின்னம்மா உடுத்துக்கொண்டு வந்தாள். கோட்டு, சால்வை, தொப்பி, சப்பாத்து, சொண்டுக்குச் சாயம் எல்லாம் சரி. படம் எடுத்து வைத்தால் அவர் போன் எடுத்த உடனே அனுப்பலாம் என்றாள். படத்துக்கு மஞ்சள் இலை வேண்டுமே. ஆட்டுக்குப் பலாவிலை குத்துகிற கம்பியை எடுத்துக்கொண்டு அடுத்த வளவுவரை ஓடி, பழுத்து விழுந்த இலைகளைக் குத்திக் கொண்டுவந்து வாங்கைச் சுற்றிப் பரப்பினேன். அம்மா போனைப் பிடித்தாள். சின்னம்மா கழுத்தால் வியர்வை ஓட, கன்னத்தில் கைவைத்துக்கொண்டு வாங்கில் உட்கார்ந்திருந்தாள். அதற்குள் எங்கள் ஆடு வந்து மொஸ்கோவின் இலையுதிர்காலத்தைத் தின்னத் தொடங்கிவிட்டது. சின்னம்மா வாய்விட்டுச் சிரித்தாள். பங்குனிக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தவள், "இதிலை ஒரு வாய் குடிக்க அந்த மனுசனுக்குக் குடுத்துவைக்கேல்லை" என்றாள்.

கொடுக்கிற வழி எனக்குத் தெரியும். அதற்கு முந்தின மாதம்தான் அப்பப்பாவின் துவசம் நடந்தது. அவருடைய படத்துக்கு முன்னால் வாழையிலை போட்டு, அவருக்குப் பிடித்த கறிகளோடு ஒரு சுருட்டும் வைத்து விளக்குக் கொளுத்தினார்கள். அப்பப்பா வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார் என்று அப்பா சொன்னார். தூரத்தில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு அனுப்புகிற முறை அதுதான் என்று நான் விளங்கிக்கொண்டேன். அப்பப்பா போன தூரம் வேறு என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

அவர்கள் முற்றத்தில் நின்ற நேரம் சுவரில் இருந்த சித்தப்பாவின் படத்தைக் கழற்றி ஸ்டூலில் வைத்தேன். இலைத் துண்டில் ஒரு கோப்பை சூப்பும் பொரித்ததில் இரண்டும் வைத்தேன். நந்தியாவட்டைப் பூவைச் செருகி, விளக்கையும் கொளுத்திவிட்டுச் சின்னம்மாவைக் கைபிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

அம்மாதான் முதலில் கண்டாள். "எடியே, என்ன வேலையடி செய்தனி" என்று கையை ஓங்கினாள். சின்னம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். கனநேரம் படத்தையே பார்த்தாள். "விடக்கா. பிள்ளைக்கு என்ன தெரியும்" என்றாள். பிறகு குனிந்து இலையை எடுத்தாள். "படைச்சதைக் கொட்டக்கூடாது. காகத்துக்கு வைப்பம். வருதோ பாப்பம்."

கிணற்றடி மதிலில் இலையை வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். மழை தூறத் தொடங்கியது. காகம் ஒன்றும் இல்லை. கோட்டு நனைந்து கறுத்தது. உள்ளே வா என்று அம்மா கூப்பிட்டும் அசையவில்லை.

"வரேல்லைத்தானே அக்கா" என்றாள். கொஞ்சம் கழித்து, "இன்னும் வரேல்லை, பாத்தியே" என்றாள்.

எனக்குத் தாங்கமுடியாத கவலையாகப் போய்விட்டது. துவசத்தன்றும் காகம் இப்படித்தான் சுணங்கியது, நான் கூப்பிட்ட பிறகுதான் வந்தது. வீட்டில் என்னைப்போலக் காகம் கூப்பிட ஆளில்லை என்று அப்பா அன்றைக்கு மெச்சியிருந்தார். நான் மழைக்குள் ஓடி, இரண்டு கையையும் வாயில் குவித்து, கா கா என்று அடித்தொண்டையால் கூப்பிட்டேன். அம்மா என் வாயைப் பொத்த ஓடிவந்தாள். அதற்குள் அடுத்த வளவுப் பனையிலிருந்து ஒன்று இறங்கி வந்து மதிலில் இருந்தது. தலையைச் சரித்து எங்களைப் பார்த்துவிட்டுப் பொரித்ததில் ஒன்றைக் கொத்திக்கொண்டு போனது.

"சின்னம்மா, சித்தப்பா சாப்பிட்டிட்டார்" என்றேன். கையும் தட்டினேன்.

சின்னம்மா தொப்பியைக் கழற்றினாள். கழற்றின கையாலேயே நெற்றிப் பொட்டைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையெல்லாம் ஒரு சாட்சியோ என்று அப்பா அன்று பின்னேரம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அடுத்த அமாவாசைக்கு எல்லோரும் கீரிமலைக்குப் போனோம். கடலில் குளிக்கலாம் என்று நான் சந்தோஷமாகப் போனேன்.

சித்தப்பா செத்ததைக் கண்ட ஒருவர் இன்றைக்கு வரைக்கும் வரவில்லை. எங்கள் வீட்டுக்குக் கிடைத்த ஒரே சாட்சி அந்தக் காகம்தான். அது வந்துவிடக்கூடாது என்றுதான் சின்னம்மா அவ்வளவு நேரமும் மழையில் நின்றிருக்கிறாள். எனக்கு அது விளங்கவில்லை. எனக்குக் காகம் கூப்பிட மட்டுந்தான் தெரிந்திருந்தது.