கல்வீட்டின் ஐந்து ஓட்டைகள்

மாலை நாலரை மணிக்கு, தேயிலைக் கொழுந்து நிறுக்கச் சங்கு ஊதிய அதே நேரத்தில், எங்கள் கல்வீட்டின் பின்னறைக் கதவு திறக்க மறுத்தது. உள்ளே என் ஆறு வயது மகள் காய்ச்சலோடு தூங்கிக்கொண்டிருந்தாள். வருடங்கள் சில கடந்தும், அந்தக் கதவைத் தள்ளிய என் தோள் மழை நாட்களில் இன்னும் வலிக்கிறது.

மலையகத்தில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் பள்ளி ஆசிரியன். தேயிலைக்கு முன் கோப்பி விளைந்த காலத்தில், ஒரு வெள்ளைக்காரத் துரை மாடு வளர்க்கவும் தான் குடியிருக்கவும் கட்டிய வீடு அது. சுதந்திரத்துக்குப் பிறகு பூட்டிக் கிடந்ததை எனக்குக் கொடுத்தார்கள். இரண்டடி கனத்தில் கருங்கல் சுவர். களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்த சாந்து. பின்னறை மலைச்சரிவை ஒட்டியிருந்தது. அதன் தரை பலகை. பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே முழங்கால் உயரத்துக்கு வெற்றிடம். வெளிச்சுவரின் அடியில் வரிசையாக ஐந்து ஓட்டைகள். பலகை இடுக்கில் வந்த குளிர்காற்றில் மகள் இருமியதும், ஐந்தையும் சிமெந்து வைத்து அடைத்தேன். தொழிலாளர்களின் வரிசைவீடான லயத்தில், ஒற்றைக் காம்பராவில் வளர்ந்தவன் நான். ஓட்டை என்றால் அடைக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த கட்டடக்கலை.

மூன்று நாள் அடைமழை. சரிவில் ஊறிய தண்ணீர் போக வழியின்றித் தரைக்கடியில் நிரம்பி, பலகைகளை மேலே தள்ளியது. உள்நோக்கித் திறக்கும் கதவை அவை இறுக்கிக்கொண்டன. அப்போது இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஜன்னலில் இரும்புக் கம்பி. மனைவி மருந்து வாங்கத் தலவாக்கலைக்குப் போயிருந்தாள். தோளால் முட்டி முட்டித் தள்ளியும் கதவு அசையாததால், கோடரியால் ஓங்கி ஒரு வெட்டு வெட்டினேன். கதவு நிலைக்கு மேலிருந்த கல் அசைந்து மண் உதிர்ந்தது. அலறினேன்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சுவர் வேலையாக இருந்த தோட்டத்து மேசன், அலவாங்குக் கடப்பாரையோடு ஓடி வந்தார்.

"மாஸ்டர், கோடாலியக் கீழ போடுங்க! அந்தக் கல்லு புள்ள தலையில விழணுமா?"

இந்த வீட்டைக் கட்ட அவருடைய தாத்தா சுமந்த கற்கள் அவை. வெளியே ஓடிச் சுவரடியில் குனிந்தவர், "இந்த வேலையச் செஞ்ச மேசன் பாஸ் யாரு?" என்றார்.

"நான்தான்."

"அதான பாத்தேன். சிலேட்டுல எழுதுன மாதிரி அழகா பூசியிருக்கு."

அலவாங்கால் குத்தினார். முதல் ஓட்டை திறந்ததும் செம்மண் தண்ணீர் அவர் மார்பில் பீறிட்டு அடித்தது. ஐந்தும் திறந்தபின், தரை முனகிக்கொண்டே கீழே இறங்கும் சத்தம் கேட்டது. இன்று ஒவ்வொரு மழைக்கு முன்னும் அந்த ஓட்டைகளில் குச்சி விட்டுக் குடைகிறேன், பள்ளிப் பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கிறார்கள். வீடு நிற்கிறது. அன்று நான் மறுபடி கதவை நோக்கி ஓடினேன்.

"படிச்ச மனுசனா நீங்க? கட்டுனவன் காரணமில்லாமயா ஓட்ட விட்டிருப்பான்? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?" மேசன் ஏசிக்கொண்டே உள்ளே வந்து கதவைத் தோளால் முட்டினார். அது கையகலம் விலகியது, பிறகு முழுதும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு மகள் வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, அப்பாவ ஏசாதீங்க," என்றாள். "குளிருதுன்னு அழுதது நான்தான்."