எட்டு நிமிடத்துக்குள் நானூறு மீட்டர்

நீச்சல்குளத்தில் அவளை நீர்க்காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடமாக அங்கே உயிர்காப்பாளர் வேலை. கறுப்புத் தொப்பியும் கறுப்பு நீச்சலுடையுமாக ஒரு முனையில் பாய்ந்தால் மறுமுனையில்தான் தலையைத் தூக்குவாள். பெயர் வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். அவளுக்கு அது பிடித்துப்போய்விட்டது.

அந்த வருடச் சோதனையன்று தண்ணீர் அவளைக் கடித்தது. வெதுவெதுப்பாகச் சூடேற்றிய குளம்தான். பக்கத்துப் பகுதியில் சின்னப் பிள்ளைகள் கூச்சல் போட்டுக் குதித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு மட்டும் எலும்புக்குள் குளிர் இறங்கியது. நானூறு மீட்டரை எட்டு நிமிடத்துக்குள் நீந்தி முடித்து, அதே மூச்சில் ஆழத்தில் கிடக்கும் ரப்பர் பொம்மையை இழுத்து வரவேண்டும். ஒவ்வொரு வருடமும் ஏழு நிமிடத்துக்குள் முடித்துவிட்டுத் துண்டால் முகம் துடைத்துக்கொண்டே மற்றவர்களை வேடிக்கை பார்ப்பவள் அவள். இந்த முறை பாதி தூரத்திலேயே கைகள் நனைந்த சாக்குமூட்டை மாதிரி கனத்தன.

"ஒன்பது நிமிஷம் நாலு செகண்ட்," என்றார் மேனேஜர். "உள்ளயே தூங்கிட்டியோன்னு நெனச்சேன்."

பக்கத்தில் நின்றவன் சிரித்தான். அவனும் உயிர்காப்பாளன்தான். குளக்கரைக் காவல் நாற்காலியில் ஏறினால் அசையவே மாட்டான் என்பதால் அவனுக்குச் சிலை என்று பெயர்.

"அக்கா, நீர்க்காக்காவா இருந்தது போய் நீர்யானை ஆகிட்டீங்களே!"

"வாயை மூடுடா. உன் நேரம் ஏழு அம்பத்தெட்டு. அதுவும் செவுத்தைப் பிடிச்சுத் தள்ளித் தள்ளி."

மேனேஜர் தாளில் எழுதினார். "ஆறு வாரம் கழிச்சு இன்னொரு தடவை. அதுலயும் விட்டா டிக்கெட் கவுன்ட்டர்தான். ஜனங்க உயிரோட விளையாட முடியாதும்மா."

டிக்கெட் கவுன்ட்டர் என்பது கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சுழல் நாற்காலி. குளம் அங்கிருந்து தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும்.

அவளுக்குத் தைராய்டு குறைவு என்று போன வருடமே கண்டுபிடித்திருந்தார்கள். தினமும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. ஒழுங்காகப் போட்டாள், ஒழுங்காக நீந்தினாள். நடுவில் தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்ட ஆரம்பித்தது. குளோரின் தண்ணீரில் ஊறுகிற முடி வேறு என்ன செய்யும் என்று அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. குளத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் கொட்டுகிற முடிதான். கடையில் முடிக்கென்று விற்ற வைட்டமின் மாத்திரையை வாங்கி, தினமும் விழுங்கிக்கொண்டிருந்தாள். அது மருந்தா என்ன?

அதற்குப் பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனையில் தைராய்டு அதிகமாகிவிட்டது என்று வந்தது. டாக்டர் மாத்திரையின் அளவைப் பாதியாகக் குறைத்தார். அன்றிலிருந்துதான் இந்தக் குளிரும், எழுந்த உடனே படுக்கத் தோன்றும் அலுப்பும்.

வீட்டில் எரிச்சல் மூட்ட அண்ணி ஒருத்தி போதும். அவளுக்கும் தைராய்டு. பத்து வருடமாக அதே பெருமை.

"எனக்கும்தான் இருக்கு. நான் ஆறு பேருக்குச் சமைக்கலியா? எல்லாம் மனசுலதான் இருக்குது."

"மனசுல இருந்தா ரத்தத்துல எதுக்கு பாக்கறாங்க, அண்ணி?"

"வாய் மட்டும் ஓயலை பாத்தியா? அதுக்குத் தைராய்டு வரலை."

அவள் தட்டைக் கழுவு தொட்டியில் எறிந்தாள். தட்டு உடைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஸ்டீல் தட்டு, உடையவில்லை.

சோதனையில் தோற்ற மறுநாள் டாக்டரிடம் போனாள். மறுபடி ரத்தம் எடுத்தார்கள். மறுபடி அதே கதை: தைராய்டு அதிகம்.

"இன்னும் கொஞ்சம் குறைக்கணும்," என்றார் டாக்டர், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"டாக்டர், எனக்குக் குளிருது. குரல் கரகரன்னு ஆயிடுச்சு. அதிகமா இருந்தா வேர்த்துக் கொட்டணும், படபடன்னு அடிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ரிப்போர்ட் அப்படிச் சொல்லலையே."

"ரிப்போர்ட்டா வந்து தண்ணில குதிக்கப் போகுது?"

டாக்டர் முகம் சுருங்கியது. அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அழுத்தினார்.

அவள் அந்தத் தாளைச் சுருட்டிக்கொண்டு நேராகப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனாள். ரத்தம் எடுக்கும் பெண் அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தாள்.

"உங்க மெஷின் பொய் சொல்லுது. திரும்ப எடுங்க."

"மெஷினுக்குப் பொய் சொல்லி என்ன ஆகப்போகுது? வெளிய உக்காருங்க, சாப்பிட்டு வர்றேன்."

"உக்கார மாட்டேன்."

அந்தப் பெண் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். வீங்கிய முகம், கோடையிலும் ஸ்வெட்டர், பின்னால் கட்டிய மெலிந்த முடி.

"முடி கொட்டுதா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"முடிக்கு மாத்திரை ஏதாவது போடறீங்களா? பயோட்டின்னு எழுதியிருக்கும்."

அவள் பைக்குள் கைவிட்டு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள். அந்தப் பெண் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினாள்.

"இதை இவ்வளவு போட்டா நாங்க பண்ற டெஸ்ட் தப்பா காட்டும். கம்மியா இருந்தாலும் அதிகம்னு காட்டும். டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"வைட்டமினை எல்லாமா சொல்லுவாங்க?"

"இதுதான். நூறு கேள்வி கேட்டாலும் இதை மட்டும் சொல்ல மாட்டீங்க. ஒரு வாரம் நிறுத்திட்டு வாங்க. இப்ப சாப்பிட விடறீங்களா?"

திட்டு வாங்கியதில் அவளுக்கு அழுகை வரவில்லை. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாததுதான் எரிச்சலாக இருந்தது. டாக்டர் கேட்கவில்லை, சரி. அவளும் சொல்லவில்லையே. தன் உடம்பைத் தனக்குத் தெரியும் என்று இத்தனை வருடமும் மார்தட்டியது எந்தக் கணக்கில் சேர்த்தி?

ஒரு வாரம் கழித்து வந்த தாளில் உண்மை இருந்தது. தைராய்டு பாதாளத்தில் கிடந்தது. டாக்டர் மன்னிப்புக் கேட்கவில்லை, பழைய அளவை எழுதிக் கொடுத்தார். அதோடு ஒரு கடிதமும்: மருந்து முழுதாக வேலை செய்ய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், சோதனையைத் தள்ளிவைக்கவும்.

மேனேஜர் கடிதத்தை ஒரு மூலையில் பிடித்துப் படித்தார்.

"தண்ணில ஒருத்தன் முழுகறான். ஆறு வாரம் பொறுப்பான்னு கேக்கட்டுமா?"

"நான் நல்லா ஆனப்புறம் சோதிங்கன்னுதான் சொல்றேன். அதுவரைக்கும் காவல் நாற்காலில உக்கார வைங்கன்னு சொல்லலை."

"தேதி தேதிதான். உனக்குத் தள்ளினா நாளைக்கு ஒவ்வொருத்தனும் கடிதாசியோட வருவான்."

முழுகுகிறவன் பொறுக்க மாட்டான் என்று அவர் சொன்னது நியாயம்தான். அதுதான் அவளுக்கு அவரைப் பார்க்கவே பிடிக்காமல் செய்தது.

சோதனைக்கு முன் நாலு வாரம் மிச்சம். விடியற்காலையில் மாத்திரை, ஒரு மணிநேரம் கழித்துத்தான் காபி. முதல் வாரம் எட்டுச் சுற்றில் மூச்சு வாங்கியது. மூன்றாவது வாரம் ஸ்வெட்டரைக் கழற்றினாள். அண்ணி, "பாத்தியா, மனசை மாத்திக்கிட்டே, சரியாயிடுச்சு," என்றாள்.

அந்த நாள் வந்தது. தண்ணீர் கடிக்கவில்லை. பன்னிரண்டாவது சுற்று வரை பழைய ஆள் மாதிரிதான் போனாள். கடைசி நூறு மீட்டரில் தோள்கள் இறங்கிவிட்டன. உதைத்தாள். உதை எங்கோ தூரத்தில் யாரோ உதைப்பது போல இருந்தது. பொம்மையை மட்டும் ஒரே மூச்சில் தூக்கிவந்து கரையில் எறிந்தாள்.

"எட்டு நிமிஷம் ஒன்பது செகண்ட்."

ஆறு வாரத்தில் ஐம்பத்தைந்து விநாடியைக் கழற்றியிருந்தாள். தாளில் அதற்கென்று கட்டம் கிடையாது.

"திங்கக்கிழமை கவுன்ட்டர்," என்றார் மேனேஜர். "அடுத்த சோதனை அடுத்த வருஷம்தான்."

திங்கட்கிழமை கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். வருகிறவர்களுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தாள், ஒருவரிடமும் சிரிக்கவில்லை. பணி முடிந்ததும் தன் பையிலிருந்து காசு போட்டுத் தனக்கே ஒரு டிக்கெட் கிழித்துக்கொண்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு குளத்துக்குப் போனாள்.

நாற்காலியில் சிலை உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, உங்களுக்கு இங்க என்ன வேலை?"

அவள் டிக்கெட்டை அவன் காலடியில் வைத்தாள். "நான் இப்போ பொதுஜனம். கண்ணை எடுக்காம பாத்துக்க. முழுகினா நீதான் தூக்கணும்."

"அக்கா, விளையாடாதீங்க..."

"தினமும் வருவேன்டா. உன் கடிகாரத்தை எடு. சத்தமா எண்ணு, மேனேஜர் ரூம் வரைக்கும் கேக்கட்டும்."

அவன் அன்றுதான் முதல் தடவையாக நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தான். அவள் குதித்தாள்.