உரைகல்லில் ஐந்து சுற்று

குழந்தை அழுகையை நிறுத்தியதுதான் முதல் அறிகுறி. நான் அதை நிம்மதி என்று எடுத்துக்கொண்டேன்.

அறுபதுகளின் தொடக்கம். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். கணவருக்கு விழுப்புரம் ரயில்வேயில் வேலை. வாரம் ஒருமுறை வருவார். ஐந்து மாத மகளுக்கு நான்கு நாட்களாக வயிற்றுப்போக்கு. அவளும் தூங்கவில்லை, என்னையும் தூங்க விடவில்லை. அன்றைக்குப் பார்த்துப் பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார்.

அடுத்த வீட்டு அஞ்சலை மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கும் வேலைக்குப் போகிறவர். கிளம்பும்முன் தன் கைக்குழந்தை தூங்குவதற்காக அபின் உரைத்துப் புகட்டுவார். சுகாதாரப் பாடம் நடத்துகிற நான் அதற்காக அவரை எத்தனையோ முறை கடிந்திருக்கிறேன். அன்று காலை நானே போய்க் கேட்டேன்.

"கல்லுல ஒரே ஒரு உரை டீச்சரம்மா. அதுக்கு மேல வாணாம்" என்று சொல்லி ஒரு துண்டு அபினைக் கொடுத்தார். என்னைக் குத்திக்காட்டி ஒரு வார்த்தை பேசவில்லை.

எங்கள் பக்கத்தில் ஜாதிக்காயையும் வசம்பையும் தாய்ப்பால் விட்டு உரைத்துக் கொடுப்பது வழக்கம். குழந்தைக்கு எத்தனை மாதமோ அத்தனை உரை, அதாவது கல்லில் அத்தனை சுற்று. கல்லை எடுத்ததும் என் கை அந்தக் கணக்கில் போயிற்று. ஐந்து உரைத்தேன். அஞ்சலை சொன்னது மறந்துவிடவில்லை. அவர் குழந்தை பொடிசு, அதற்கு ஒன்று போதும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நன்றாகத் தூங்கித் தொலையட்டும் என்ற எண்ணமும் இருந்தது. அதை எழுதக் கை கூசுகிறது.

வீடு பள்ளியை ஒட்டியே இருந்தது. இடைவேளையில் வந்து தூளியை விலக்கினேன். உதடு நீலம் பாரித்திருந்தது. உள்ளங்காலைச் சுண்டினேன், அசையவில்லை. வாரி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்: "என்ன குடுத்தீங்க?"

"தாய்ப்பால் மட்டும்தாங்க."

"நாட்டு மருந்து ஏதாவது?"

"நான் டீச்சருங்க. அதெல்லாம் குடுப்பேனா?"

மூளைக்காய்ச்சலோ என்று சந்தேகப்பட்டு முதுகுத் தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்க்கத் தயாரானார்கள். என் பொய்யால் அவ்வளவு நேரம் வீணாயிற்று. டாக்டரம்மா கடைசியாக டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கண்ணைப் பாருங்க, கருமணி ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்கு. மூச்சு நிமிஷத்துக்கு எட்டுகூட இல்லை. இது அபின். உங்க மானம் பெரிசா, குழந்தை பெரிசா?"

"அடுத்த வீட்டு அஞ்சலை குடுத்ததுங்க" என்றேன். அப்போதும் பாதி உண்மைதான் வாயிலிருந்து வந்தது.

பிரசவ அறையில் நாலார்ஃபின் (அபின் அமுக்கிய மூச்சை மீட்கும் ஊசி மருந்து) ஒன்றே ஒன்று இருந்தது. நர்ஸ் அதை எடுத்து வரும்வரை டாக்டரம்மா குழந்தையின் மூக்கையும் வாயையும் சேர்த்துத் தன் வாயால் மூடி, நெஞ்சு எழும்பும் அளவுக்கு மட்டும் மெல்ல ஊதினார். ஊசி போட்ட சிறிது நேரத்தில் மகள் வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைத்தான் காலையில் நான் நிறுத்தப் பார்த்தேன்.

"ஊசியோட வேகம் சீக்கிரம் இறங்கிடும், அபின் உள்ளேயே இருக்கும். கண்ணெடுக்காம மூச்சை எண்ணுங்க" என்றார். அப்படியே நடந்தது. நாலு மணிவாக்கில் மூச்சு மறுபடி தளர்ந்தது. வேறு ஊசி இல்லை. டாக்டரம்மாவும் நர்ஸும் நானும் மாறி மாறி ஊதினோம். பொய் சொன்ன அதே வாய். பொழுது சாய்கிற நேரத்தில் அவளே சீராக மூச்சுவிட ஆரம்பித்தாள்.

இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். எழுப்பியும் எழாத தூக்கம், சுருங்கிய கருமணி, தளர்ந்த மூச்சு: இவற்றைக் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மூச்சு நின்றால் வழியிலேயே ஊதுங்கள். கொடுத்ததை மறைக்காதீர்கள்.

தகவல் கேட்டு வந்த என் கணவர், ஊர் திரும்பியதும் தெருவே கூடும்படி அஞ்சலையை ஏசினார். அஞ்சலை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒண்ணுதான் சொன்னேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கூட்டம் கலைந்தபின் கிட்டே வந்து, "டீச்சரம்மா, கொழந்த நல்லா மூச்சு வுட்டுக்கினு இருக்குதா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன்.

மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது. அவள் வந்து தங்கும்போதெல்லாம் தூங்குகிறவளின் மூக்கருகே என் விரல் தானாகப் போய்விடுகிறது. ஒரு நிமிடம் முழுவதும் எண்ணாமல் எடுப்பதில்லை. அந்த நிமிடம் மட்டும் எனக்கு மற்ற நிமிடங்களைவிட நீளமாக இருக்கிறது.

என் கணவர் கடைசிவரை அஞ்சலையைத்தான் குற்றவாளி என்று நினைத்திருந்தார். அஞ்சலை இன்னும் அதே தெருவில் இருக்கிறார். பிழை என்னுடையது என்று இப்போதுதான் எழுதுகிறேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.