வாணலியில் விழாத பன்றி

ஒலீட்டா டாக்கெட்டின் கடையில் பன்றிக்கறிதான் விசேஷம். ஓக்லஹோமாவின் பழைய நெடுஞ்சாலையில் வருகிறவர்களுக்கு அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. கூரைமேல் நின்ற நியான் பலகையே சொல்லிவிடும். முதல் விளக்கில் ஒரு பன்றி ஓடிவரும். அது அணைந்து அடுத்தது எரிந்தால் பன்றி காற்றில் தாவும். மூன்றாவதில் வாணலிக்குள் உட்கார்ந்து பல்லைக் காட்டும். தன் புருஷன் கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்ததில்லை என்பாள் ஒலீட்டா.

அந்த வசந்தத்தில் பெய்த ஆலங்கட்டி மழை பலகையை நொறுக்கிவிட்டது. ஓடும் பன்றி மட்டும் தப்பியது. மற்ற கண்ணாடிக் குழாய்களை டல்சா நகரிலிருந்து வந்த நியான்காரன் ரோஸ்கோ நெருப்பில் காட்டி வளைத்துப் புதிதாக மாட்டினான். ஆனால் விளக்குகளை வரிசையாக ஏற்றி அணைப்பதற்கு உள்ளே ஒரு உருளை சுற்றும். அதில் வாணலி விளக்குக்கான பல் முறிந்திருந்தது. செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. ரோஸ்கோ ஒரு சலவை இயந்திரத்தின் உருளையைப் போட்டுப் பார்த்தான். பன்றிக்கு வலிப்பு வந்ததுபோல் ஆயிற்று. பழையதையே திரும்ப மாட்டிவிட்டுப் போனான்.

அதன்பின் பன்றி ஓடியது, தாவியது, இருட்டில் மறைந்தது.

"தப்பிச்சிருச்சுடா!" என்று லாரிக்காரர்கள் கைதட்டினார்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. உள்ளே வந்து உட்கார்ந்ததும் அவர்கள் முகம் மாறியது.

"பாவம்மா, இப்பத்தான் உசுரக் கையில புடிச்சுக்கிட்டு ஓடுச்சு. எனக்கு முட்டை போதும்."

கோடை முடிவதற்குள் குளிர்பெட்டியில் கறி கெட ஆரம்பித்தது. இப்படியே போனால் குளிர்காலத்துக்கு முன் கடையை மூட வேண்டியதுதான் என்று ஒலீட்டாவுக்குத் தெரிந்தது.

அதே கம்பெனியின் அதே பன்றி இன்னொன்று இருந்தது. அது அதே ஊர்க்காரர் டெல்மர் ஹஸ்கியின் களஞ்சியத்தில், ஓடும் பன்றி உடைந்து, ஆனால் உருளை முழுசாகக் கிடந்தது. பழைய பலகை சேர்க்கிறவர்களுக்கு ஒரு வைராக்கியம் உண்டு. விற்கமாட்டார்கள். மாற்றுவார்கள்.

"உன்னோட ஓடுற பன்னியக் குடு, உருளைய எடுத்துக்கோ" என்றார் டெல்மர்.

"இன்னொன்னு வளைக்கச் சொல்லக் காசுக்கு எங்க போறது? ஓடவே ஓடாத பன்னி எப்படிய்யா வாணலியில விழும்?"

"அது உன் பாடு."

இரண்டு பேரும் இறங்கி வரவில்லை. மற்றவர் போய்ச் சேரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருவருமே காத்திருந்தார்கள். அதனால் டெல்மர் தினமும் காலையில் சாப்பிட வந்தார்.

"என்ன ஒலீட்டா, முகம் வெளிறிக் கெடக்கு. நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?"

"நான் கல்லு மாதிரி இருக்கேன். உனக்குத்தான் மூச்சு வாங்குது."

"படி ஏறினா மட்டும்தான்."

"அப்ப நெறைய ஏறு." சொல்லிக்கொண்டே அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி கொழுப்பை ஊற்றுவாள். அவரும் வழித்துத் தின்பார். கடையில் இன்னும் பன்றிக்கறி கேட்கிற ஒரே ஆள் அவர்தான்.

இலை உதிரும் காலத்தில் ஒருநாள் டெல்மர் முள்கரண்டியைக் கீழே போட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்தார். ஒலீட்டா அவரைத் தன் வண்டியில் கிடத்தி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாள்.

"உருளை... உனக்குக் கெடைக்காது" என்று முனகினார். "மருமகனுக்குச் சொல்லி வச்சிட்டேன்."

"வாய மூடுய்யா! நீ செத்துட்டா நாளைக்கு என் கறிய எவன் திங்கிறது?"

சொன்ன பிறகுதான், இத்தனை மாதமாக யாருடைய சாவுக்குக் காத்திருந்தோம் என்று அவளுக்கு உறைத்தது. வண்டியை இன்னும் விரட்டினாள்.

டெல்மர் பிழைத்தார். டாக்டர் பன்றிக்கறியைத் தொடக்கூடாது என்றுவிட்டார். எழுந்து நடமாடியதும் டெல்மர் ஒரு தகரப்பெட்டியோடு கடைக்கு வந்து கல்லா மேசையில் வைத்தார். உள்ளே உருளை.

"மாத்துக்கு என்ன கேக்குற?" என்றாள் சந்தேகமாக.

"ஓட்ஸ் கஞ்சி. தெனமும். உப்பில்லாம." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாந்தான் திங்க முடியாது. ஊராவது திங்கட்டும்."

ரோஸ்கோ வந்து மாட்டினான். இருட்டியதும் கடைவாசலில் ஊரே கூடியது. ஒலீட்டா சுவிட்சைப் போட்டாள்.

முதலில் வாணலி எரிந்தது. பன்றி உள்ளே உட்கார்ந்து சிரித்தது. பிறகு காற்றில் எழும்பியது. பிறகு வாலை முன்னால் விட்டுப் பின்பக்கமாகவே ஓடி மறைந்தது.

டெல்மர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "என்னுது சாலைக்கு அந்தப் பக்கம் நின்ன பலகை. பன்னி எதிர்த்திசை பாக்கும். உருளையும் எதிர்ப்பக்கமாத்தான் சுத்தும் போல."

"ரெண்டு வயர மாத்திப் போட்டாச் சரியாயிடும்!" என்று ஏணிமேலிருந்து ரோஸ்கோ கத்தினான்.

அதற்குள் ஒரு லாரிக்காரன் மூக்கைச் சிந்தினான். "வெந்ததுக்கப்புறமும் பொழைச்சுப் போகுதே, மகராசன்!" கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தான். "அது பொழைச்சிருச்சு. அப்பத் தட்டுல இருக்கறது வேற யாரோ. எனக்கு விலாக்கறி ஒரு தட்டு குடும்மா."

அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. நாற்காலிகள் நிறைந்தன.

ஒலீட்டா வெளியே தலையை நீட்டினாள். "ரோஸ்கோ! வயர்ல கை வச்சே, அந்தக் கைய வறுத்துருவேன்!"

சன்னலோரம் டெல்மர் கஞ்சியைக் கிளறிக்கொண்டு பன்றி பின்பக்கமாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உடம்பெல்லாம் எப்படி இருக்கு ஒலீட்டா?" என்றார், பழக்க தோஷத்தில்.

"இருக்கு" என்று சொல்லிவிட்டு, அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த உப்புப் புட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.