விளக்கு வைத்த பிறகு பாடாத அடிகள்

என் மகளின் மகன் உக்ரைன் போரில் சண்டையிடத் தொண்டனாகச் சேரப் போவதாகச் சொன்னது ஒரு வெள்ளிக்கிழமை மாலையில். கனடாவில், எங்கள் ஊரான மொன்றியலின் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை முடிந்து வந்து, நேராக என் அறைக்குள் நுழைந்தான்.

“அம்மப்பா, டிக்கெட் எடுத்திட்டன். வாற வியாழன். அம்மாட்டைச் சொல்லாதேங்கோ. போய்ச் சேர்ந்து நானே போன் பண்ணுறன்.”

“உனக்கென்ன விசரே? ஆரடா இதை உன்ரை மண்டைக்குள்ளை போட்டது?”

சிரித்தான். “நீங்கள்தான். உங்கடை அயர்லாந்துப் பாட்டு.”

சமையலறையில் மகள் தாளித்துக்கொண்டிருந்தாள். கடுகுச் சத்தம் அடங்கினால் எங்கள் பேச்சு அவளுக்குக் கேட்டுவிடுமே என்று குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

மொன்றியலுக்கு வந்த புதிதில், என்னோடு வேலை செய்த ஓர் அயர்லாந்து வம்சத்தவரிடம் அந்தப் பாட்டைக் கற்றேன். ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் நடந்தபோது, தமக்கு உறவில்லாத அந்த மண்ணில் சண்டையிடப் போன அயர்லாந்து இளைஞர்களைப் பற்றிய நாட்டார் பாட்டு. கப்பலேறுவார்கள், மலை கடப்பார்கள், பிறகு யார் யார் எங்கே விழுந்தார்கள் என்று வரும். பேரன் சிறுவனாக இருந்தபோது பின்னேரங்களில் அவனுக்கு அதை ஆங்கிலத்திலேயே சொல்லிக்கொடுத்தேன். அது சாமி விளக்கு வைக்கிற நேரம். “விளக்கு வைச்ச வீட்டிலை சாவைப் பாடாதேங்கோ” என்று, இப்போது இல்லாத என் மனைவி, ஒரு நாள் தடுத்தாள். அன்றிலிருந்து இறந்தவர்களைச் சொல்லும் அடிகளை விட்டுவிட்டேன். மலை கடந்ததும் பல்லவிக்குத் திரும்பிவிடுவோம். எங்கள் வீட்டுப் பாட்டில் ஒருவரும் சாகவில்லை.

பிள்ளைக்கு அரைப் பாட்டைக் கொடுத்ததுதான் வினையாகிவிட்டது என்று நினைத்தேன். அறைக் கதவைச் சாத்திவிட்டு, விட்ட அடிகளைத் தாழ்ந்த குரலில் பாடினேன். ஒருவன் பாலத்தடியில், ஒருவன் திராட்சைத் தோட்டத்தில். சுருதி எங்கோ விலகிப் போனது.

“உங்கடை சுருதிக்கே எதிரி கையைத் தூக்கியிருப்பான்” என்றான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னான்: “இதெல்லாம் எனக்குத் தெரியும், அம்மப்பா. பள்ளிக்கூடத்திலை படிக்கேக்கையே நெட்டிலை முழுசாக் கேட்டனான். தெரிஞ்சுதான் போறன்.”

“போகாதை” என்றேன்.

“அப்ப ஏன் அவ்வளவு ஆசையாப் பாடினீங்கள்?”

“அது மற்றவையின்ரை பிள்ளையள்.”

வாயிலிருந்து அது தானாக வந்தது. பிறகு மறைக்க ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்தில் நான் சரித்திரம் படிப்பித்த காலத்தில், என் வகுப்பிலிருந்து பையன்கள் இயக்கத்துக்குப் போனார்கள். நான் தியாகத்தைப் பற்றி நன்றாகப் பேசுவேன். அவர்கள் உட்கார்ந்திருந்த வாங்குகள் காலியாகக் கிடந்ததைப் பார்த்துப் பெருமைப்பட்டும் இருக்கிறேன். என் மகளை மட்டும் அவள் வளருமுன்னே இங்கே கொண்டுவந்துவிட்டேன். இதை மனைவியிடம்கூட நான் இப்படிச் சொன்னதில்லை, அவனிடம் சொன்னேன்.

அவன் தரையைப் பார்த்தபடி கேட்டான். “அவையின்ரை அம்மாமாருக்கு முன்னமே தெரியுமே, போகப் போயினம் எண்டு?”

“தெரியாது. சிலபேர் எனக்குச் சொல்லிப்போட்டுத்தான் போனவங்கள். நான் ஒருத்தியிட்டையும் போய்ச் சொல்லேல்லை.”

சொல்லி முடித்ததும் கதவைத் திறந்தேன்.

“அம்மப்பா, வேண்டாம். பிளீஸ்.”

“பிள்ளை, அடுப்பை நிப்பாட்டிப்போட்டு இஞ்சை வா.”

மகள் கரண்டியோடு வந்தாள். “என்ன, ரெண்டு பேரும் கள்ளர் மாதிரி முழிக்கிறியள்?”

“இவன் வாற வியாழன் சண்டைக்குப் போறானாம்.”

அவள் அவனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். அவனை அனுப்பிவைக்கிறவன் நான்தான் என்பதுபோல இருந்த அந்தப் பார்வையை நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

வியாழக்கிழமை அவன் போகவில்லை. பயணத்தை வசந்த காலத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறான் என்று மகள் சொல்கிறாள். என்னோடு அவன் கதைப்பதை நிறுத்திவிட்டான். தாயும் மகனும் பிரெஞ்சிலும் தமிழிலுமாகச் சண்டை பிடிக்கிறார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சத்தம் நின்றுவிட்டால் எழுந்து போய், அவனுடைய சப்பாத்து வாசலில் கிடக்கிறதா என்று பார்க்கிறேன்.